சுவரைப் பார்த்து நின்ற கார்

தெருவில் தையல்காரம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆஸ்பத்திரித் திரைச்சீலை, நர்ஸ் சீருடை, ஹோட்டல் மேஜை விரிப்பு என்று மொத்தமாகத் தைத்துக் கொடுப்பவள். மெஷினில் உட்கார்ந்துவிட்டால் வீடு இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று பெயர். ஆனால் ஒரு போலீஸ் ஜீப் அந்தத் தெருவில் மெதுவாக ஊர்ந்தால் போதும், மிதிக்கிற கால் தானாக நின்றுவிடும். ஜீப் முனை திரும்பி மறைகிறவரை ஊசி துணியில் குத்தியபடியே நிற்கும். அக்கம்பக்கத்தில் அதை யாரும் கவனித்ததில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் வீட்டின் பின்பக்கம், தகர ஷெட்டுக்குள் இருந்தது.

அவள் கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். சொந்த வண்டி. வாங்கும்போதே பழைய மாடல். கனத்த உடம்பு, உருண்டை விளக்குகள், கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம். அவருக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். பின்னால் வருகிற சைக்கிள்காரன்கூட மணியடித்து முந்திக்கொண்டு போவான். "பொறுமை வண்டியில ஏறினா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம், ஆனா முழுசா போய்ச் சேருவோம்" என்று ஸ்டாண்டில் கிண்டல் செய்வார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே தங்கள் வீட்டுப் பெண்களை அவர் வண்டியில்தான் அனுப்புவார்கள்.

மகள் தவழ்ந்துகொண்டிருந்த நேரம். மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் தையல்காரம்மா கொல்லையில் குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வண்டி வந்தது. எப்போதும் பின்பக்கமாக எடுத்து, முகம் வெளியே தெரியும்படிதான் நிறுத்துவார். அன்று முன்பக்கமாகவே ஷெட்டுக்குள் விட்டார், சுவரை முட்டுகிற அளவுக்கு. இறங்கித் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினார். ஷெட்டைப் பூட்டினார். பிறகு குழாயடியில் நின்று கை கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாச்சுங்க?"

"ஒன்னும் ஆகல. இனிமே வண்டி வேணாம்."

"ஏன்? நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?"

"வேணாம்னா வேணாம். விடு."

அதட்டிப் பேசத் தெரியாத மனிதர் அன்று அதட்டினார். 

மறுநாள் அவர் வெளியே போனதும் சாவியை எடுத்து ஷெட்டைத் திறந்தாள். காருக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நுழைய இடமில்லை. பக்கவாட்டில் ஒடுங்கி நின்று, தார்ப்பாய்க்கு அடியில் கையை மட்டும் நீட்டினாள். இடது விளக்கில் கண்ணாடி இல்லை. விரல் இன்னும் கீழே போனது. மட்கார்ட் உள்ளே மடிந்து கிடந்தது. மடிப்பில் என்னவோ காய்ந்து, சொரசொரவென்று ஒட்டியிருந்தது. நெருப்பைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள்.

யாரையோ இடித்திருக்கிறார். இடித்துவிட்டு நிற்காமல் வந்திருக்கிறார்.

அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு என்ன? போலீஸ், கோர்ட், கைக்குழந்தையோடு அவள் வாசலில் நிற்பது. ஒருவேளை தப்பாக நினைக்கிறோமோ என்கிற ஒரு சின்ன ஓட்டையாவது இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். துணி வெட்ட மாதிரி எடுப்பதற்காக வாங்குகிற பழைய பேப்பர்களில் விபத்துச் செய்தி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். அடையாளம் தெரியாத வாகனம் மோதி முதியவர் பலி என்று மூலையில் நாலு வரி ஒருமுறை வந்தது. எந்த ரோடு என்றுகூடச் சரியாகப் போடவில்லை. ஆனால் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த முதியவருக்கு மனத்துக்குள் ஒரு முகம் கொடுத்தாள், வழுக்கைத் தலை கொடுத்தாள், கையில் ஒரு குடை கொடுத்தாள். அதோடேயே குடும்பம் நடத்தினாள்.

பொறுமை அதன்பிறகு ஒரு கிடங்கில் மூட்டை எடை போடுகிற வேலைக்குப் போனார். நடந்தே போவார், நடந்தே வருவார். எதிரே லாரி வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பார். மகள் சைக்கிள் கேட்டு அழுது புரண்டபோதும் வாங்கித் தரவில்லை. "அப்பாவுக்கு என்மேல பாசமே கிடையாது" என்று அந்தப் பெண் அடிக்கடி சொல்லும். தையல்காரம்மாவோ இதில் ஒவ்வொன்றையும் பார்த்து, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். சில சமயம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கைகளையே பார்ப்பாள். இந்தக் கைதானே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது என்று தோன்றும். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

கடைசியில் நுரையீரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மத்தியானம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வண்டி விஷயம்... உன்கிட்ட சொல்லணும்" என்றார்.

 பக்கத்துப் படுக்கையில் ஆள் இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் நிற்கிறாள். "இப்போ எதுக்கு அதெல்லாம்? மூச்சு வாங்குது பாருங்க. பேசாம தூங்குங்க" என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு இன்னொரு நாள் வாய்க்கவில்லை.

அவர் போன பிறகும் கார் அப்படியே நின்றது. ஷெட்டை இடித்துக் கடை கட்டப்போவதாக வீட்டுச் சொந்தக்காரர் வந்து சொன்னபோதுதான் விஷயம் கிளம்பியது. தையல்காரம்மா அன்றே பழைய இரும்புக்காரனுக்கு ஆள் அனுப்பினாள். துண்டு துண்டாக வெட்டி உலையில் போட்டுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. இரும்புக்காரன் ஷெட் வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து மகள் வேலையிலிருந்து வந்துவிட்டாள்.

மகள் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சைக்கிள் கிடைக்காத குறையை ஸ்கூட்டரில் தீர்த்துக்கொண்டவள். அலுவலக வேனையும் ஓட்டுவாள். "அப்பா வண்டியை வெட்டப் போறியா? உனக்கென்ன பைத்தியமா? அண்ணே, நீங்க கிளம்புங்க!" என்று இரும்புக்காரனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

"அது ஓடாதுடி. துருப்பிடிச்சுப் போச்சு."

"ஓட வைக்கறேன் பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். பழைய வண்டிகளில் கைதேர்ந்த ஆள். வேலை செய்யும்போது வண்டியோடு ஏதோ பேசிக்கொண்டே இருப்பார் என்பதால் பட்டறைகளில் அவருக்கு 'முணுமுணு' என்றே பேர். தார்ப்பாயை விலக்கியதும் புழுக்கையும் பழைய பெட்ரோலும் கலந்த நாற்றம் குப்பென்று அடித்தது. பின் சீட்டில் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. முணுமுணு ஒரே தாவில் வாசலுக்கு வந்துவிட்டார்.

"சட்டைதானே அண்ணே?"

"சட்டை இங்க இருக்கு. சட்டையைக் கழட்டினவன் எங்க இருக்கான்?"

கம்பால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி உள்ளே நுழைந்தார்.

வண்டி சுவரை ஒட்டி நின்றதால் பானெட்டைத் திறக்க முடியவில்லை. முதலில் வெளியே இழுக்க வேண்டும். இழுக்கவும் முடியாது, பின் சக்கரங்களில் பிரேக் கட்டை துருவேறி டிரம்மோடு ஒட்டிப் போயிருந்தது. எனவே பின்பக்கத்திலிருந்து வேலை தொடங்கியது. டேங்கிலிருந்து கருத்த தேன்போல் ஏதோ வடிந்தது, அதுதான் பெட்ரோலாம். முணுமுணு பேசிக்கொண்டே வேலை செய்தார். பக்கத்து அறையில் தையல்காரம்மா மெஷினை மெதுவாக மிதித்தபடி அந்த முணுமுணுப்பில் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினாள். 'இங்க அடி', 'ஏன்டா இப்படி' என்று அரைகுறையாக வரும். 

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "முன்னாடி இடது பக்கம் நல்ல அடி வாங்கியிருக்கு போலக்கா. சந்துல டார்ச் அடிச்சுப் பார்த்தேன்."

தையல்காரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"வண்டிப் பேப்பர் வேலைக்கெல்லாம் கவலையே படாதீங்க. என் மச்சான் போலீஸ்லதான் இருக்கான். நாளைக்குச் சாயங்காலம் வந்து ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருக்கேன்."

"போலீஸ் எதுக்கு தம்பி?"

"சும்மாக்கா. இவ்வளவு நாள் நின்ன வண்டில்ல? ரோட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி அவன் காதுல போட்டு வெச்சா நல்லது."

மறுநாள் மகள் வேலைக்குப் போனாள். முணுமுணு சாமான் வாங்கப் போயிருந்தார். வீட்டில் அவள் மட்டும். ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் கிழிந்த துணியும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். சாயங்காலம் போலீஸ் வருகிறது. அந்த மடிப்பில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டால் போதும். பக்கவாட்டில் ஒடுங்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவருக்கும் காருக்கும் நடுவில் நுழைந்தாள். அன்றைக்கு நுழையாத உடம்பு இன்றைக்கு இளைத்து நுழைந்தது. கை அந்த மடிப்பைத் தொட்டது. சொரசொரப்பு அப்படியே இருந்தது. துணியை வைத்து அழுத்தினாள். உள்ளே பொலபொலவென்று என்னவோ உதிர்ந்தது. வழுக்கைத் தலை, குடை, எல்லாம் கண்முன் வந்தது. அதே நேரம் பாதத்தின்மேல் ஏதோ குளிர்ச்சியாக ஊர்ந்தது.

கத்தினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. எப்படி வெளியே வந்தாள் என்றும் தெரியாது. கொல்லைக் கல்லில் உட்கார்ந்து பார்த்தபோது முழங்கை சிராய்த்திருந்தது. பாதம் ஈரமாக இருந்தது. கிண்ணம் கவிழ்ந்து மண்ணெண்ணெய்தான் காலில் வழிந்திருக்கிறது. சிரிப்பு வரவேண்டிய விஷயம். அவளுக்கு வரவில்லை. திரும்ப உள்ளே போக உயிர் இல்லை.

சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். மச்சான் சீருடையில் இல்லை; கட்டம் போட்ட சட்டையில், கடலை கொறித்தபடி வந்தார். ஆனாலும் அந்த மீசையே தையல்காரம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். முணுமுணுவும் மச்சானும் இன்னும் ரெண்டு பேரும் கயிறு கட்டிப் பின்பக்கமாக இழுத்தார்கள். சக்கரம் கிறீச்சிட்டு அசைந்தது. சுவரிலிருந்து ஒரு முழம் விலகியது, ரெண்டு முழம் விலகியது. வெளிச்சம் விழுந்தது. நொறுங்கிய விளக்கு, மடிந்த மட்கார்ட், எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது.

இதோ கேட்கப்போகிறார்கள் என்று அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்போது பட்டென்று ஏதோ அறுந்தது. கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஷெட்டின் தூணில் மோதியது. மேலே தகரம் கடகடவென்று ஆடியது.

"ஏம்மா, இந்தப் பக்கம் ஒடி!" என்று முணுமுணு கத்தினார்.

"ஒடிச்சுட்டுத்தான்ணே இருக்கேன்! நான் ஒரு பக்கம் திருப்பறேன், இது வேற பக்கம் போகுது!"

முணுமுணு குனிந்து பார்த்தார். வலது சக்கரம் திரும்பியிருந்தது. இடது சக்கரம் தன் இஷ்டத்துக்குக் குறுக்கே நின்றது. சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து அடியில் நுழைந்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அந்த மனிதர் முணுமுணுக்காமல் இருந்தது அன்றுதான். வெளியே வந்தபோது கையில் துருப்பிடித்த கம்பி ஒரு கொத்து இருந்தது.

"அக்கா, இங்க வாங்க."

அவள் கதவை விட்டு வெளியே வந்தாள்.

"இதைப் பாருங்க. ஸ்டியரிங்கையும் இடது சக்கரத்தையும் சேர்க்கிற ராடு இருக்கில்ல, அதோட முனை கழண்டு போயிருக்கு. இப்போ இல்ல, அப்பவே. யாரோ வேலிக் கம்பியைச் சுத்தி இறுக்கிக் கட்டியிருக்காங்க. உங்க வீட்டு அண்ணன் கட்டினதாத்தான் இருக்கும். இப்படிக் கட்டிக்கிட்டு ஆமை மாதிரி ஊர்ந்து வீடு வந்து சேர்ந்திருக்கார். இதை வெச்சுக்கிட்டுப் பின்பக்கமா எடுக்கவே முடிஞ்சிருக்காது, கையெல்லாம் துருவும் கிரீஸுமா ஆகியிருக்கும். ஓட்டிட்டிருக்கும்போது இது கழண்டா என்ன ஆகும் தெரியுமா? ஸ்டியரிங் கையில இருக்கும், வண்டி பாட்டுக்குப் போகும். அய்யோ, எனக்கு ஒருதரம் ஆச்சு. ஒரு மாசம் பஸ்லகூட ஏறல நான்."

 கேட்கக்கூடாது என்று இத்தனை காலம் பூட்டி வைத்த கேள்வி, மச்சான் நிற்கிறார் என்பதைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டது.

"இந்த அடி... ஆள்மேல பட்டதா தம்பி?"

முணுமுணு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மட்கார்ட் மடிப்புக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கிளறினார். செங்கல் பொடியும், சுண்ணாம்புக் காரையும், காய்ந்த பாசியுமாகக் கைநிறைய உதிர்ந்தது.

"ஆளா? இது சுவருக்கா. ஈரச் சுவர். வண்டி இழுத்துக்கிட்டுப் போய் எந்தத் தோட்டத்துச் சுவர்லயோ இடிச்சிருக்கு. ஆள்மேல பட்டிருந்தா இப்படியா இருக்கும்? டேய் மச்சான், நீ எத்தனை பார்த்திருப்ப, சொல்லு."

மச்சான் குனிந்து பார்த்தார். "சுவர்தான்" என்றார். மறுபடி கடலை கொறிக்கத் தொடங்கினார். "பானெட்ல ஒரு கீறல் இல்ல. முன்பக்கப் பெரிய கண்ணாடி முழுசா இருக்கு. சுவர்தான்கா."

தையல்காரம்மா கொல்லை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்கள் போன பிறகு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏம்மா, ஆள்மேல பட்டதான்னு எதுக்குக் கேட்ட?"

"உங்கப்பா யாரையோ கொன்னுட்டு வந்துட்டார்னு நெனச்சேன்டி."

"எப்போலேருந்து?"

"நீ தவழ்ந்துட்டிருந்தப்பலேருந்து."

 மகளுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. "அப்போ அப்பா பயந்துபோய் இருந்திருக்கார். அவ்வளவுதானே? பயந்த மனுஷனைக் கொலைகாரன்னு நெனச்சுக்கிட்டுச் சோறு போட்டிருக்க. என்னை சைக்கிள் ஓட்ட விடாதது பாசம் இல்லாமன்னு நானும் நெனச்சுட்டிருந்தேன். ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை யாராவது யார்கிட்டயாவது பேசினீங்களா இந்த வீட்ல?"

"கடைசியில சொல்ல வந்தார். நான்தான் தூங்குங்கன்னு சொல்லிட்டேன்."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தையல்காரம்மாவுக்குப் பயம் விட்டுப்போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பொறுமை என்று ஊரே கூப்பிட்ட மனிதர், ஸ்டியரிங்கைத் தொட்டால் கை நடுங்குகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்? பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கலாம். பெண்டாட்டியோ அவர் முகத்தைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? கோழை என்று ஏளனமாகப் பார்க்கிறாள் என்றா?  அரை நாள் வேலைதானாம், அந்த ராடை மாற்றுவது. முணுமுணு சொன்னார்.

வேலை நடந்தது. ராடு மாறியது. பிரேக் குழாய், டயர், எலி கடித்த ஒயர் எல்லாம் புதிதாயின. பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் விட்டு ஊறவைத்து, ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைக் கையாலேயே சுற்றி அசைத்தார். கார்புரேட்டரில் படிந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்தார். பழைய டேங்கை இன்னும் நம்ப முடியாது என்று ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி உயரத்தில் தொங்கவிட்டார்.

ஸ்டார்ட் செய்கிற அன்று தையல்காரம்மா ஒரு சாக்கை நனைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் சொல்லவில்லை, பெட்ரோல் பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது. மகள் சாவியைத் திருப்பினாள். இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் முனகியது. மறுபடி திருப்பினாள். டொப்பென்று ஒரு வெடி. கார்புரேட்டர் வாயில் நீலமாக நெருப்பு எழுந்தது. முணுமுணு "இறங்கும்மா!" என்று கத்தினார். மகளுக்குக் கதவு திறக்கவில்லை.  தையல்காரம்மா நின்ற இடத்தில் நிற்கவில்லை. சாக்கோடு போய் நெருப்பின்மேல் விழுந்து அமுக்கினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. முணுமுணு பாட்டிலைப் பிடுங்கித் தூர வைத்தார்.

"போதும், இன்னிக்கு வேணாம்" என்றார் அவர், வேர்த்து விறுவிறுத்து.

மகள் ஒருவழியாகக் கதவை உதைத்துத் திறந்து வெளியே வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு விரல் நுனி சிவந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கையை விடவில்லை. "ஏம்மா இப்படிப் பண்ற" என்றாள். பல நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

இன்ஜின் டைமிங்கைச் சரிசெய்துவிட்டு இன்னொரு நாள் திருப்பியபோது வண்டி இருமியது, தும்மியது, தெருவே மறைகிற மாதிரி வெள்ளைப் புகை கக்கியது, பிறகு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக்கு எடுத்தார்கள். பின் சீட்டில் முணுமுணு, மடியில் ஸ்பானர் பை. தையல்காரம்மா வரமாட்டேன் என்று கடைசிவரை சொல்லிப் பார்த்தாள், மகள் விடவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். இடது சக்கரம் எப்போது தன் இஷ்டத்துக்குத் திரும்புமோ என்று ஒவ்வொரு வளைவிலும் அவள் கால் தரையை அழுத்தியது. அவர் அன்று தன்னந்தனியாக அந்த நிமிஷத்தில் எப்படி இருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உடம்பாலேயே தெரிந்தது.

வழியை மறித்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி போனது. மகள் ஹாரனை அழுத்தினாள். கரகரவென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது.

"அப்பா இந்த மாதிரி சமயத்துல என்னம்மா செய்வார்?"

"ஹாரனே அடிக்க மாட்டார். தலையை வெளியே நீட்டி, 'ஐயா, அவசரம் ஒன்னும் இல்ல, ஆனா கொஞ்சம் ஒதுங்கினா புண்ணியமா போகும்'னு கேட்பார். கல்யாணமான புதுசுல எனக்கு மானமே போகும்."

மகள் சிரித்தாள். பின்னால் முணுமுணுவும் சிரித்தார்.

"அப்புறம்?"

தையல்காரம்மா பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்புறம் என்ன, ஒருதரம் மழையில என்னை உட்கார வெச்சு ஊரெல்லாம் சுத்தினார்..." என்று தொடங்கினாள். லாரி ஒதுங்கியது. "மெதுவாடி, மெதுவா!" என்று நடுவில் கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே போனாள்.